அவள் பஸ் ஏறக் கூடாது என்று ஜெபித்தோம்

கதை எழுத உட்காரும் முன் என்ன செய்வீர்கள் என்று சபைப் பத்திரிகைக்காரர் கேட்டார். முதலில் ஜெபம். அப்புறம் ஆயத்தம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். ஊர் நாகலாபுரத்தையும் தாண்டி உள்ளே. என் கதைகள் சில அச்சில் வந்திருக்கின்றன. ஜெபமும் ஆயத்தமும் இருந்தும் ஒரு கதையில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டதற்கு அதுதான் பதில்.

என் ஜெபம் நீளமானதில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்து முழங்கால் போடுவேன். கதையில் யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று ஆண்டவரிடம் சொல்லுவேன். சொல்லும்போதே சிலது தொண்டையில் நிற்கும். அதை விட்டுவிடுவேன். ஆயத்தம் என்றால் போய்ப் பார்ப்பது. பார்க்காததை எழுத எனக்கு வராது.

அந்தக் கதையில் ஒரு பெண். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான். அவள் ஒரு பையில் துணிமணியை எடுத்து மக்காச்சோள மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறாள். ஒரு நாள் விடியும் முன் தாய் வீட்டுக்குக் கிளம்புகிறாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது வேதக்கோயில் மணி கேட்கிறது. மனம் மாறித் திரும்புகிறாள். புருஷன் திருந்துகிறான். இப்படித்தான் நினைத்திருந்தேன். பத்திரிகையில் இப்படி முடிந்தால் பிடிக்கும்.

ஆயத்தத்துக்காக ஒரு நாள் இருட்டோடு எழுந்து எங்கள் ஸ்டாப்புக்குப் போனேன். முந்தின நாள் மழை. கரிசல் செருப்பில் அப்பி நடக்க விடவில்லை. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். வீட்டை விட்டுப் போகிறவள் இந்த மாதத்தில் வெறுங்காலோடுதான் போவாள் என்று தெரிந்தது. முதல் பஸ் பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ். விளாத்திகுளம் வரை கையில் பைசா இல்லாமல் போய்விடலாம். கண்டக்டர் எங்கே என்று கேட்பார். ஏன் என்று கேட்கமாட்டார். இதெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். எங்கள் பெண்கள் கூட்டத்தை ஒரு அக்கா நடத்துகிறார். ஜெபம் அவர் வீட்டில்தான். எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவர் அவர். குரல் எடுத்தார் என்றால் தெருமுனை வரை கேட்கும். அவருக்கு ஒரே மகன், டிராக்டர் ஓட்டுகிறான். மருமகள் கோவில்பட்டிக்காரப் பிள்ளை.

முதலில் ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். ஒருத்தி சோளத்துக்குள் பன்றி இறங்குகிறது என்றாள். ஒருத்திக்கு மூட்டுவலி. என் முறை வந்தது. ஒரு கதை எழுதுகிறேன், அது நல்லபடியாக வர வேண்டும் என்றேன். என்ன கதை என்று அக்கா கேட்டார். மூட்டைக்குப் பின்னால் பையை ஒளித்ததிலிருந்து அவள் பஸ்ஸுக்குக் கிளம்புகிற வரைக்கும் சொன்னேன். முடிவை எழுதுமுன் யாரிடமும் சொல்லுவதில்லை.

அக்காவுக்குக் காகிதத்துக்காக ஜெபிக்க வராது. ஆட்களுக்காகத்தான் வரும். கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, அந்த மகளுக்காக வாரோம். அவ அந்த பஸ்ஸுல ஏறக் கூடாது. அவ காலைக் கட்டிப்போடும். அந்தக் குடும்பம் உடையக் கூடாது, அப்பா.”

அழுதுகொண்டே ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

முடிந்ததும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் யார், நம்ம சபையா, ஆர்.சி.யா, எந்தத் தெரு என்று கேட்டார்கள். கதைதான் என்றேன். யாரும் நம்பவில்லை. பன்றிக்கு ஜெபம் கேட்டவள், “ஆவியானவர் இவளுக்குக் காட்டியிருக்காரு, இவ கதைன்னு மழுப்புதா” என்றாள். எவ்வளவு சொன்னாலும் அவர்களிடம் எடுபடாது.

மருமகள் எல்லாருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தாள். அந்தப் புழுக்கத்தில் முழுக்கை வைத்த சுடிதார் போட்டிருந்தாள். என்னிடம் தம்ளரை நீட்டியவள் உடனே நகரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் கறிவேப்பிலை கேட்டு அவள் என் வீட்டுக்கு வந்தாள். பறித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

“சித்தி, பை எங்க இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

எனக்குப் புரியவில்லை. எந்தப் பை என்றேன்.

“மூட்டைக்குப் பின்னால இருக்கது.”

எங்கள் ஊரில் ஒரு பெண் ஒளித்துவைக்க வேறு இடம் ஏது என்றுதான் கதையில் அப்படி வைத்தேன். இவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள்.

நாளை விடியும் முன் கிளம்புவதாக இருந்தாளாம். நேற்று அத்தை ஜெபித்ததிலிருந்து கால் ஓடவில்லையாம். சொல்லிவிட்டு ஒரு கையின் துணியைச் சுருட்டி ஏற்றினாள். பார்த்தேன். பழசும் இருந்தது, புதுசும் இருந்தது.

“கர்த்தர் போகாதன்னு சொல்லுதாரா, சித்தி? சொன்னா இருந்துருதேன்.”

விளையாட்டாகக் கேட்கவில்லை. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், இருந்துவிடுவாள். இருந்தால் அந்தக் கைக்கு அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொன்னால், எனக்குக் கஞ்சி ஊற்றிய வீட்டை நான் உடைத்தது போல் ஆகும். ஊரும் அப்படித்தான் பேசும்.

“அது நான் கட்டுன கதை. கர்த்தர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல” என்றேன்.

“ஜெபம் பண்ணித்தான எழுதுதீங்க?”

“ஆமா. அதுக்காக நான் சொல்லுததெல்லாம் அவர் சொன்னது ஆயிருமா?”

“அத்தை ஜெபிச்சாங்களே.”

“அந்தக் குடும்பம் உடையக் கூடாதுன்னு அவிய கேட்டாங்க. கேட்டது அவிய. பதிலு இன்னும் வரல.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று பார்த்தாள்.

“கதையில அவ திரும்பி வருதாளா?”

“வருதாள்னுதான் நெனச்சிருந்தேன்.”

“வந்தா?”

அவன் திருந்திவிடுவான் என்பது வாய் வரைக்கும் வந்தது. அந்தக் கை இன்னும் துணி ஏற்றினபடியே இருந்தது. சொல்ல முடியவில்லை. தெரியவில்லை என்றேன். அவள் துணியை இறக்கிவிட்டாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. கறிவேப்பிலையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு முழிப்பு வந்தது. ஸ்டாப்புக்குப் போகவில்லை. நான் அங்கே நின்றால் அவளுக்கு அனுப்புகிறதாகவும் தோன்றும், தடுக்கிறதாகவும் தோன்றும். படுத்தபடியே காதைக் கொடுத்துக் கிடந்தேன். ஜெபிக்கவும் வரவில்லை. போகட்டும் என்று கேட்க பயம். இருக்கட்டும் என்று கேட்க அதைவிட பயம்.

பஸ் சத்தம் ரொம்பத் தூரத்திலேயே கேட்கும். எங்கள் ஸ்டாப்பில் அந்நேரம் ஆள் இருக்காது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போய்விடும். அன்றைக்கும் குறைந்தது. குறைந்து நின்றது. பிறகு கண்டக்டர் விசில். ஆள் ஏறினால்தான் விசில்.

ஆராதனைக்கு அக்கா தனியாக வந்தார். பாட்டு நேரத்தில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஏட்டி, அவ உங்கிட்ட வந்தாளா?”

“வந்தா.”

“போன்னு சொன்னியா?”

“சொல்லல. போகாதன்னு கர்த்தர் எங்கிட்ட சொல்லலன்னுதான் சொன்னேன்.”

கன்னத்தில் ஒன்று கொடுத்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் பக்கத்து ரூம்லதான் படுத்திருக்கேன். எனக்குக் கேக்காதா?”

தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன்.

மகன் எழுந்து அவளைத் தேடினானாம். எவன் ஏற்றிவிட்டான் என்று கத்தினானாம். பைக்கை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போகப் பார்த்தானாம்.

“நாந்தான் அனுப்புனேன்னு சொல்லிட்டேன்” என்றார் அக்கா. “சாவியையும் எடுத்து வச்சுக்கிட்டேன்.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து பைக் சாவியைக் காட்டினார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். திரும்ப முடிந்துகொண்டு வாசல் வரை போனார். அங்கிருந்து சொன்னார்.

“அந்தக் கதையில அவன் திருந்திட்டான்னு எழுதிராத. திருந்தல.”

மருமகள் இப்போது தாய் வீட்டிலிருந்து ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். அக்கா போனில் பேசுகிறார். திரும்பி வா என்று கூப்பிடவில்லை என்று என்னிடம் சொன்னார்.

கதையில் அவள் பஸ் ஏறுகிறாள். அதோடு நிறுத்திவிட்டேன். முடிவு இல்லையே என்று பத்திரிகைக்காரர் கேட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பத்திரிகையில் போட்டார்.

அவள் பஸ் ஏறியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஜெபக்குறிப்பு கேட்கும் நேரத்தில் அக்கா தன்னுடையதை முதலில் சொன்னார். மகன் பெயரைச் சொன்னார். குடிக்கிறான், பெண்டாட்டியை அடித்தான், நான் கேட்டும் கேளாததுபோல் இருந்தேன் என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஜெபிக்க அவருக்குக் குரல் வரவில்லை. கூட்டத்தில் நான் சத்தமாக ஜெபித்ததே கிடையாது. அன்றைக்கு நான் ஆரம்பித்தேன்.