அது மரக்காணத்துக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், டி.வி.யில் எங்கள் மாவட்டத்துக்கு வண்ணம் பூச ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு நாள் மஞ்சள், மறுநாள் ஆரஞ்சு, வங்கக் கடலில் ஏதாவது வலுவாகச் சுழன்றால் சிவப்பு. கடலோர மாவட்டங்களில் மிக கனமழைக்கு வாய்ப்பு என்று வாசிக்கும்போது எங்கள் மாவட்டத்தின் பெயரும் அந்த வரிசையில் வரும். நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். கடை டி.வி.யில் இதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தால் ராஜகிரிக் கோட்டை மலை மேல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருப்பார்கள். பிள்ளைகள் கோட்டைப் பக்கம் கிரிக்கெட் ஆடப் போய்க்கொண்டிருப்பார்கள்.

எங்கள் மாவட்டம் செஞ்சி மலைகளில் ஆரம்பித்து, திண்டிவனம் தாண்டி, மரக்காணத்தில் போய்க் கடலைத் தொடுகிறது. அந்த ஒரு துண்டுக் கடற்கரையை வைத்து எங்களையும் கடலோரக்காரர்கள் ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் கடலைப் பார்க்காமலே செத்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே படகைக் கவிழ்க்கிற காற்றுக்கும் இங்கே துணி காய்கிற வெயிலுக்கும் அந்த டி.வி. வரைபடத்தில் ஒரே நிறம்தான். அதனால் எந்த எச்சரிக்கை வந்தாலும் எங்கள் பக்கத்தில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "அது மரக்காணத்துக்கு." டீக்கடையில் சொல்வார்கள், மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்து தொலைத்தது.

எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து வல்லம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரியை நம்பித்தான் நெல். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய ஒரு தாழ்ந்த இடம் உண்டு. கோடி என்போம். ஏரி கோடி போகிற அன்று ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்க்கும், செல்போனில் படம் பிடிக்கும். ஆனால் நிலம் வைத்திருப்பவனுக்கு அப்படி வழிந்து போகிற தண்ணீரைப் பார்த்தால் வயிறு எரியும். அதனால் ஐப்பசியில் ஏரிப் பாசனக்காரர்கள் வீடு வீடாகப் போய்க் காலிச் சாக்கு கேட்பார்கள். மண்ணை நிரப்பிக் கோடி மேல் அடுக்கிவிட்டால் ஏரியில் ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும், கடைசித் தண்ணீர் வரைக்கும் பயிர் தாங்கும். செய்யக் கூடாத காரியம்தான். ஏரியைப் பார்க்க வருகிற அதிகாரி சத்தம் போடுவார், எடுத்துவிடுவார்கள். அவர் பைக் திரும்பியதும் சாக்குகள் மறுபடி கோடிக்குப் போகும். சாக்கு இல்லை என்று சொல்கிற வீடு ஊரில் கிடையாது. சொன்னால் நல்லது கெட்டதுக்கு எவனும் வந்து எட்டிப் பார்க்க மாட்டான்.

இந்த வேலைக்கு எப்போதும் முன்னால் நிற்பவர் என் அண்ணன். நிற்கட்டும், அவர் நிலம் அப்படி, ஏரியில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்கிற மூலையில் இருக்கிறது. என் வீடு ஏரிக்கரைக்கு நேர் கீழே, பழைய மதகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என்னைக் கட்டிக் கொடுத்ததும் அதே ஊரில்தான். என் வீட்டுக்காரர் செத்த வருஷம், அண்ணன் தன் கொட்டகையிலிருந்து ஒரு கிடேரிக் கன்றை ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் கட்டிவிட்டுப் போனார். அந்தக் கன்றுதான் வளர்ந்து மாடாகி எனக்குச் சோறு போட்டது. கடைச் சம்பளம் பாதி மாசத்தில் தீர்ந்துவிடும், மீதி மாசத்தை அது பார்த்துக்கொள்ளும். அது தின்று முடித்த தீவனத்தின் காலிச் சாக்குகள்தான் ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்கள் வீட்டிலிருந்து கோடிக்குப் போகும். நானே உதறி, மடித்து, கொட்டகைப் பரண் மேல் எடுத்து வைத்திருப்பேன்.

ஒரு வருஷம் சிவப்பு எச்சரிக்கை வந்தது. ஏரி ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தது. பழைய மதகு பக்கம் கரையில் ஈரம் கசிவதைப் பார்த்துவிட்டு நான் அண்ணனிடம் போய் அழுதேன். அழுதேன் என்றால் நிஜமாகவே அழுதேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. மற்றவர்களோடு மல்லுக்கு நின்று, ஆள் கூட்டிக்கொண்டு போய், சாக்குகளை எடுத்துவிட்டார். மதகையும் திறந்து வைத்தார்கள். போன தண்ணீர் போனதுதான். மழை மரக்காணத்தில் கொட்டிவிட்டு அங்கேயே முடிந்துவிட்டது. எங்களுக்கு வந்தது தூறல். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஏரியில் தரை தெரிந்தது. நெல் பதராய்ப் போனது, அண்ணனுடையதும் சேர்த்து.

ஊர் சும்மா விடுமா? தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கரித்துக் கொட்டினார்கள். நான் குடத்தோடு போனால் டி.வி. வந்துவிட்டது, நாளைக்கு மழையா வெயிலா கேளுங்கள் என்று சிரித்தார்கள். அந்த ஈஸ்டருக்கு அண்ணி ஒரு வாய் சோறு கொடுத்து அனுப்பவில்லை. அண்ணன் மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலை போல இருந்திருக்கும். டி.வி.க்காரர்களை நான் குறை சொல்லப் போவதில்லை. வாய்ப்பு என்றுதான் அவர்கள் சொன்னார்கள். நாங்கள்தான் அதை வரும் என்றோ வராது என்றோ காதில் வாங்கிக்கொண்டோம்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் புயல் என்றார்கள். மறுபடியும் சிவப்பு. என் மாடு நிறைசினை, இன்றைக்கோ நாளைக்கோ என்று மடி இறங்கி நின்றது. கோடி மேல் சாக்கு வழக்கத்தைவிட ஒரு வரிசை கூடுதலாக இருந்தது. போன வருஷம் விட்டதை இந்த வருஷம் பிடிக்க வேண்டுமே! கடைக்குப் போகாமல் அண்ணனைத் தேடிக்கொண்டு வயலுக்குப் போனேன். வரப்பில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். இந்தத் தடவை அழவில்லை. மாடு இன்றைக்கோ நாளைக்கோ ஈனப் போகிறது, கரை கசிகிறது, ஒரு வரிசையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

அவர் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது மரக்காணத்துக்குத்தாம்மா. போன வருசம் உன் பேச்ச கேட்டேன். ஊரே என் மூஞ்சில துப்பாத கொறதான். இந்த வருசம் நீ வாயத் தொறக்காத."

நான் திறக்கவில்லை. அவர் சொன்னதில் எனக்கும் பாதி நம்பிக்கை இருந்தது, அதுதான் இன்னும் ஆத்திரம்.

புயல் கடற்கரையில்தான் கரையேறியது. அதுவரைக்கும் அண்ணன் சொன்னது சரி. ஏறினது கலைந்து போகாமல் உள்ளே நகர்ந்து வந்து எங்கள் தலைக்கு மேல் உட்கார்ந்துகொண்டது. செஞ்சி மலைகளில் மண் கிடையாது, உருட்டி வைத்தது போல வெறும் பாறை. ஒரு சொட்டைக்கூடக் குடித்து வைத்துக்கொள்ளாது. விழுந்த மழை அத்தனையும் அப்படியே ஓடைகளில் இறங்கி ஏரிகளுக்கு வந்தது. செஞ்சியில் பஸ் ஓடவில்லை, சிங்கவரம் பக்கம் வயலும் ரோடும் ஒன்றாகிவிட்டது, கரண்டு போனது, போன் செத்தது. கடலோர எச்சரிக்கை என்றால் தண்ணீர் கடலிலிருந்துதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அது மலையிலிருந்து வந்தது.

விடிந்ததும் அண்ணனும் ஆட்களும் கோடிக்கு ஓடினார்கள். நனைந்த மண் மூட்டையை இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னால் அத்தனை தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, மூட்டைகள் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை. கொடுவாளால் கிழித்துப் பார்த்திருக்கிறார்கள், கையால் பறித்துப் பார்த்திருக்கிறார்கள். வழிய வேண்டிய இடத்தில் வழி இல்லாமல் தண்ணீர் எங்கள் பக்கம், பழைய மதகோரம், கரையைத் தாண்டி வழிய ஆரம்பித்தது. எல்லோரும் மேட்டிலிருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிக் கோயில் மணியை விடாமல் அடித்தார்கள்.

மாடு எழுந்திருக்கவில்லை. காலையிலேயே அதற்கு வலி கண்டுவிட்டது. படுத்துக்கொண்டு காலை நீட்டி நீட்டி முக்கிக்கொண்டிருந்தது. தட்டினேன், வாலை முறுக்கினேன், கொம்பைப் பிடித்து இழுத்தேன், கெஞ்சினேன். அது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முக்கியது. கொட்டகைக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோது அண்ணன் கோடியிலிருந்து ஓடி வந்தார். அவர் விரல்களெல்லாம் கிழிந்து ரத்தமாக இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். நிறைசினை மாட்டை இரண்டு பேர் தூக்கிவிட முடியுமா? அந்த நேரத்தில் புத்தி எங்கே இருக்கும். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மதகுப் பக்கம் கரை இடிகிற சத்தம் கேட்டது.

"கயித்த அவுத்து வுட்டுட்டு வந்துடும்மா," என்றார் அண்ணன். "வந்துடு."

கயிற்றை அவிழ்த்தது நான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது அவர். பள்ளிக்கூடத்து மாடியில் நின்று பார்த்தபோது என் வீட்டுக் கூரை தெரிந்தது, கொட்டகை தெரியவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு மாடு ஓடையோரத்து முள்ளில் சிக்கிக் கிடந்தது. கன்றின் முன்னங்கால் குளம்புகள் இரண்டும் வெளியே வந்திருந்தன. அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

கரை உடைந்த ஏரியில் ஒரு குடம் மொள்ளத் தண்ணீர் நிற்கவில்லை. ஒரு முழம் கூடுதலாக ஆசைப்பட்டவர்களுக்கு இருந்ததும் போனது. அண்ணன் நிலத்தில் மணல் மேடிட்டுக் கிடந்தது. நான் ஒரு நாள் கோடியைப் போய்ப் பார்த்தேன். கிழிந்த ஒன்றிரண்டு போக, சாக்குகள் அடுக்கினது அடுக்கினபடி இருந்தன. மாட்டுத் தீவனம் என்று அச்சடித்த, நான் மடித்துக் கொடுத்த சாக்குகளும் அதில் இருந்தன. ஊரில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கடவுள் சித்தம் என்று சொல்லிவிட்டார்கள். மழை வராமல் பயிர் காய்ந்தால் அது என் வாய், மழை வந்து மாடு செத்தால் அது கடவுள் சித்தம். நன்றாக இருக்கிறது நியாயம்.

அப்புறம் கரையைக் கட்டிக் கொடுத்தார்கள். இந்த வருஷம் ஐப்பசியில் ஏரி மறுபடி முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வாசலில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார், யூரியா கிடைக்கவில்லை என்றார். இன்றைக்கு நமக்கு ஆரஞ்சு சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர் கண், பழைய பழக்கத்தில், கொட்டகைப் பரண் பக்கம் போனது.

"சாக்கு எதுனா இருக்குதாம்மா?"

கேட்டே விட்டார். முறத்தைக் கீழே வைத்தேன்.

"தீவனம் துன்றதுக்கு மாடு எங்கண்ணா இருக்குது, சாக்கு இருக்க?"

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரல்களில் தழும்பு இன்னும் போகவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்வார் என்று நினைத்தேன், சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். கரை உடைந்ததில் போன வருஷம் முழுக்கக் காய்ந்து போச்சும்மா என்று முனகினார். டீயைக் குடித்து முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

தெருவில் இறங்கிப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றார். எனக்குக் கேட்க வேண்டாம் என்றுதானோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு சாக்கு கேட்டார். அப்படியும் எனக்குக் கேட்டது. அந்த வீட்டில் இரண்டு மாடு இருக்கிறது.