குருத்தோலை சொருகிய பியானோ

பெருங்களத்தூரில் அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டிருந்த வருடங்களில், தாம்பரத்தில் ஒரு சர்ச் பியானோவைப் பழுதுபார்க்கப் போனேன். எனக்கு வீடு கிடையாது; வேலை முடியும்வரை அங்கேயே ஹாலில் படுத்துக்கொண்டேன். பியானோ வாசிக்கும் டீச்சரின் மகளுக்கு அங்கே கல்யாணம். மகள் பீடத்துக்கு நடந்து வரும்போது அம்மாதான் வாசிக்க வேண்டும்.

பியானோவில் விரல் வைத்து அழுத்தும் ஒவ்வொரு கட்டையும் நேராக ஏறி இறங்க, அடியில் ஒரு பித்தளை முள் நிற்கும். அந்த முட்கள் கோணிப்போய், கட்டைகள் ஒன்றையொன்று இடித்தன. இடிக்காமலிருக்க, குருத்தோலை ஞாயிற்றில் கொடுத்த ஓலையை டீச்சர் வருடாவருடம் கிழித்து இடையில் சொருகியிருந்தார்.

"குப்பையில போட்டுடாத தம்பி, ஜெபம் பண்ணினது," என்று நான் உருவிப்போட்ட ஓலைகளையெல்லாம் பொறுக்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

முட்களை நிமிர்த்தி வரிசையாக்கினேன். கட்டைகள் தொட்டதும் இறங்கின. ஓலையோடு மல்லுக்கட்டிப் பழகிய டீச்சரின் விரல்கள் ஒத்திகையில் ஓட்டமெடுத்தன. மகளும் பாட்டுக்கு ஈடுகொடுத்து ஏறக்குறைய ஓடினாள்.

"என்ன மம்மி, துரத்தி விடுறியா?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்குள்ள என் விரல மாத்த முடியுமா தம்பி? கொஞ்சம் டைட் பண்ணேன்."

நிமிர்த்திய முட்களை ஒவ்வொன்றாகத் திருகி, கட்டையை உரசும்படி கெடுத்து வைத்தேன். தெரிந்தால் எந்தப் பியானோக் கடையிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

மறுநாள் மணப்பெண் நிதானமாக நடந்தாள். அவள் வந்துசேர்வதற்குள் மாப்பிள்ளை கோட்டுக்குள் வியர்த்து நனைந்துவிட்டார்.

பந்தியில் பாஸ்டர் என் முதுகில் தட்டினார். "இப்பதான் பியானோ ஒழுங்கா ரிப்பேர் ஆயிருக்கு!"