இரண்டு ஆஸ்பத்திரி, ஒரே ஃபிலிம்

ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதன்மேல் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார் என் மாமனார். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் பிளான் வரைந்தவர். சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று பார்க்கப்போன இடத்தில், வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். வெடித்தால் ஆட்டோ பிடிக்கக்கூட நேரமிருக்காது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்வது ஒன்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட வழி.

முதலில் பார்த்த பெரிய ஆஸ்பத்திரியில் அந்த வாரமே சேரச் சொன்னார்கள். என் கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். போனில் அவரும் என்ன செய்யலாம் என்று என்னையே கேட்டார். நான்தான் மாமாவை பிரேசர் டவுனில் எங்கள் வீட்டருகே இருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அங்கே அதே ஃபிலிமைப் பார்த்த டாக்டர், வீக்கம் இன்னும் அவ்வளவு பெரிதில்லை, இதயமும் பலவீனம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஏன் இப்படி ஆளுக்கொன்று சொல்கிறீர்கள் என்று மாமா கன்னடத்தில் கேட்டார். டாக்டர் கோபப்படவில்லை. இந்த ஆபரேஷன் இங்கே அபூர்வம், அதனால் எங்களுக்குத் தயக்கம் அதிகம். அங்கே அடிக்கடி செய்கிறார்கள், அவர்களுக்குத் தயக்கம் குறைவு. உங்களுக்கு எது சரி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதற்குப் பதில் அவர் தைரியமாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது எனக்கு.

காத்திருப்பது என்று மாமா முடிவெடுத்தார். அதன்பிறகு ஒன்றரை வருஷம் நான் காதுகளால்தான் வாழ்ந்தேன். அவர் குளிக்கும்போது இருமினால் சமையலறைக் குழாயை மூடிவிட்டு நிற்பேன். வாளியைத் தூக்கக் குனிந்தால் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்வேன். மூன்றாவது ஸ்கேனில் வீக்கம் நன்றாகவே வளர்ந்திருந்தது. இனிமேல் தாமதிக்காதீர்கள் என்று இந்த டாக்டரே கடிதம் எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆபரேஷன் முடியும்வரை ஏழு மணி நேரம் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் இருவரும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். நிதானமா யோசிச்சு முடிவெடுத்தீங்க மாமா என்றேன். அவர் தலையாட்டவில்லை.

"யோசிக்கவெல்லாம் இல்லம்மா. பயமா இருந்துச்சு. பொறுக்கலாம்னு ஒரு டாக்டர் சொன்னாரு, அதைப் புடிச்சிக்கிட்டேன்."

அப்படி யாராவது ஒருவர் சொல்லிவிட மாட்டாரா என்றுதான் அவரை இரண்டாவது ஆஸ்பத்திரிக்கு நான் அழைத்துப்போனேன். ஆபரேஷனுக்குப் பின் அவர் பதினோரு வருஷம் இருந்தார். நானும் பயந்துதான் அங்கே அழைத்துப்போனேன் என்பதை ஒருநாளும் அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.