ஒரே நொடியில் ஒலித்த ஏழு மெசேஜ்கள்

என் கணவர் புதுப்பட்டினத்தில் மீன்பிடிப் படகு வைத்திருக்கிறார். அவருக்குப் புது போன் வாங்கியபோது, ப்ராசஸர் வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நான்தான். "பழசே போதும்மே. மெதுவா கீது, ஆனா மெசேஜ் வந்தா கத்துது" என்றார். நான் கேட்கவில்லை.

அடுத்த வாரமே, விடியற்காலையில் கடலுக்குப் போனவரின் படகு காற்றில் கவிழ்ந்தது. கரை திரும்பிக்கொண்டிருந்த இன்னொரு படகுக்காரர் அவரைத் தூக்கி வந்தார். "காத்து மாறுது, போவாதீங்கன்னு நம்ம மீனவர் மெசேஜ் குரூப்புல போட்டாங்களே, பாக்கலயா அண்ணாத்த?" என்று கேட்டார்.

கரையில் என் கண்ணெதிரே, பிளாஸ்டிக் உறையிலிருந்த போனை இவர் திறந்தார். ஏழு எச்சரிக்கைகளும் ஒரே நொடியில் அடுத்தடுத்து ஒலித்தன. அவ்வளவு வேகமான போன். முதல் எச்சரிக்கையை அனுப்பியபோது இவர் வீட்டில்தான் இருந்தார். பேட்டரியை மிச்சம் பிடிக்க, போனின் சாப்ட்வேர் அந்த மெசேஜ் ஆப்பைத் தூங்க வைத்திருக்கிறது.

அந்தச் சத்தம் இன்றும் உலை கொதிக்கும்போது, குழாயைத் திறக்கும்போது எனக்குக் கேட்கிறது.

யார் போன் வாங்கினாலும் சாப்ட்வேரை முதலில் பார்க்கச் சொல்கிறேன். இவருடைய போனில் அந்த செட்டிங்கை மாற்றியாகிவிட்டது. ஆனாலும் தினமும் அவர் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு மெசேஜ் அனுப்புகிறேன். அவர் சட்டைப் பையில் அது ஒலித்த பிறகுதான் வழிவிடுகிறேன்.