கலைமகள் வைத்த ஸ்டேட்டஸ்

அந்தத் தெருவில் கலைமகளோடு பேசாதவர்கள் இருக்கலாம். அவள் எடுத்த பூச்சிப் படத்தைப் பார்க்காதவர்கள் கிடையாது. தினமும் காலையில் எல்லோருடைய போனிலும் அது வந்து உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சாமி படமும் கல்யாண நாள் வாழ்த்தும் வைப்பார்கள். இவள் தட்டானின் கண்ணை வைப்பாள். எலுமிச்சை இலையைத் தின்கிற புழுவை வைப்பாள். ஒருநாள் ஈ ஒன்று தன் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பதை வைத்தாள். “காலங்காத்தால காபி குடிக்கிற நேரத்துல ஈயப் பாக்கணுமா?” என்று எதிர்வீட்டுக் குஞ்சிதபாதம் கேட்டார். கேட்டாரே தவிர, மறுநாளும் பார்த்தார்.

நீடாமங்கலத்தில் பிறந்து குடவாசல் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கணவன் பிரபு கத்தாரில் ஏசி மெக்கானிக். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் கலைமகளும் மாமனார் சிங்காரவேலுவும்தான். மகள் கிளம்பிப் போனபிறகு சமையல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, பொழுதுதான் முடிவதில்லை. அப்படி ஒரு நாள் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, குழாய் மேல் அரிசி அளவுக்கு ஒரு சிலந்தி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. இவள் இந்தப் பக்கம் நகர்ந்தாள், அதுவும் திரும்பியது. அந்தப் பக்கம் போனாள், அதுவும் அந்தப் பக்கம் திரும்பியது. தன்னை யாரும் இப்படித் திரும்பிப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்று பிரபுவிடம் போனில் சொன்னாள். அவன் சிரித்தான். ஆனால் அடுத்த லீவில் வந்தபோது, போனில் மாட்டுகிற சின்ன லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான்.

அந்த லென்ஸுக்கு இரண்டு விரற்கடை தூரத்துக்குள் போனால்தான் படம் தெளியும். மூச்சு விட்டால் ஆடும். அதனால் பனி காய்வதற்குள் போய்விடுவாள். குளிரில் பூச்சிகள் விறைத்துப்போய் நகராமல் இருக்கும் நேரம் அதுதான். முட்டியில் முழங்கையை ஊன்றி, இன்னொரு கையில் எவர்சில்வர் மூடியைப் பிடித்து, வெளிச்சத்தைப் பூச்சி மேல் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு எடுப்பாள். கொல்லை அப்படியொன்றும் பெரிசில்லை. ஒரு எலுமிச்சை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு வாழை. வேலியைத் தாண்டினால் அவர்கள் வீட்டு வயல். அந்த இத்துனூண்டு இடத்தில் இத்தனை பேர் குடியிருக்கிறார்களா என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது.

படத்தை முதலில் பார்ப்பது பிரபுதான். வேலைக்கு பஸ் ஏறும் முன்பு பார்த்துவிட்டு போன் செய்வான். முன்பெல்லாம் கேஸ் வந்ததா, அப்பா மாத்திரை போட்டாரா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது அதற்குமேல் பேச ஒன்று இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு பேசியதில்லை என்று அவளுக்குச் சந்தோஷம், கொஞ்சம் வெட்கமும்கூட.

ஐப்பசியில் ஒரு கும்பிடுபூச்சி கறிவேப்பிலைக் கிளையில் தலைகீழாகத் தொங்கி முட்டையிட்டது. சோப்பு நுரை மாதிரி எதையோ கக்கி, அதற்குள் முட்டைகளைப் பொதிந்துவிட்டு, வயிறு ஒட்டிப்போய் நகர்ந்தது. நுரை காய்ந்து கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கூடாயிற்று. தொடக்கம் முதல் கடைசிவரை கலைமகள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுத்தாள். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து பிரபு தினமும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டான். “என்ன, பொரிச்சுதா?” இன்னும் இல்லை என்பாள். அந்தக் குஞ்சுகள் வெளியே வருவதை எப்படியாவது எடுத்து அவனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு அப்போது ஆசை.

மார்கழி பிறந்தது. சம்பாப் பயிர் கதிர் விடுகிற சமயம். ஒருநாள் சாயங்காலம் கொல்லைச் சுவரில், டியூப்லைட்டுக்குக் கீழே, புதிதாக ஒரு பூச்சிக் கூட்டம். மஞ்சள் இறக்கை, பக்கத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு. அவ்வளவு அழகு. எடுத்து, ‘மஞ்சப் புடவை மகாராணி’ என்று எழுதி ஸ்டேட்டஸில் வைத்தாள்.

பிரபு உடனே போன் செய்தான்.

“கலை, இத எங்க எடுத்த?”

“கொல்லை செவுத்துல. நல்லாருக்குல்லங்க?”

“எத்தன இருந்துச்சு?”

“நெறய இருந்துச்சுங்க. ஏன்?”

“அது குருத்துப்பூச்சி கலை. தாய்ப்பூச்சி. வயல்லேருந்து லைட்டுக்கு வந்துருக்கு.”

குருத்துப்பூச்சியைத் தெரியாமல் இந்த ஊரில் யாரும் வளர்வதில்லை. அதன் புழு தண்டைக் குடைந்துவிட்டால் கதிர் மணி பிடிக்காமல் வெளுத்து நிற்கும். வெள்ளைக்கதிரை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அதற்குக் காரணமானவள் இத்தனை லட்சணமாக இருப்பாள் என்று யார் கண்டார்கள்?

அதற்குள் ஊரே பார்த்துவிட்டது. ஈயைப் பார்த்து முகம் சுளித்த குஞ்சிதபாதம் இதைப் பார்த்துவிட்டு விடிந்ததும் வாசலில் நின்றார். “நல்ல வேலை செஞ்சம்மா. நீ போட்டோ எடுக்கலன்னா நாங்க அசந்துருப்போம்” என்றார். அவளை அந்தத் தெருவில் யாராவது மனம் நிறைந்து பாராட்டியது அதுதான் முதல் தடவை. எல்லோருமாகச் சேர்ந்து மருந்தடிக்க ட்ரோன் சொல்லிவிட்டார்கள். தங்கள் வயலுக்கு பிரபு அங்கிருந்தே பேசி முடித்துவிட்டான்.

அவள் மாமனாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “மாமா, வேலி ஓரம் மட்டும் கொஞ்சம் விட்டுட்டு அடிக்கச் சொல்லலாமா?”

சிங்காரவேலு கோபக்காரர் இல்லை. “விடலாம்மா. விட்ட எடத்துலேருந்து மறுபடி ஏறுமே. ஒரு வருஷம் அசால்ட்டா இருந்துட்டு, மொத்தமும் வெள்ளையா நின்னுச்சு. அந்த வருஷந்தான் பிரபு வெளிநாடு போனான்” என்றார்.

அவர் சொல்வது நியாயம். அந்த வயல் சோற்றைத்தான் அவளும் தின்கிறாள். காட்டிக்கொடுத்ததும் அவளேதான். கூடு இருந்த கறிவேப்பிலைக் கிளையை ஒடித்துக்கொண்டு எங்காவது போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். எங்கே போவது? தெரு நெடுக எல்லா வயலிலும் அடிக்கிறார்கள். கடைசியில் ஒரு பாலித்தீன் பையை எடுத்துக் கூட்டின் மேல் கவிழ்த்து, நூலால் கட்டிவிட்டு வந்தாள்.

ட்ரோன் வந்தது. பார்க்கத் தெருவே திரண்டு நின்றது. அது வயலின் மேல் தாழப் பறந்து புகைபோல மருந்தைத் தூவியது, கொண்டல் காற்று அதில் பாதியைக் கொல்லைக்குக் கொண்டுவந்தது. கலைமகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் லென்ஸை மாட்டிக்கொண்டு போனவளுக்கு எடுக்க ஒன்றுமில்லை. முருங்கைப் பூவுக்குக் கீழே தேனீக்கள் கிடந்தன. எலுமிச்சையில் புழு கறுத்துத் தொங்கியது. பையைப் பிரித்தாள், கூடு அப்படியே இருந்தது. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கறிவேப்பிலையை இலை இலையாகக் கழுவினாள். அடுத்தடுத்த நாட்களிலும் கழுவினாள். “மரத்துக்கு தெனம் குளிப்பாட்டுறியா?” என்று மாமனார் கேலி செய்தார். அவளும் சிரித்து வைத்தாள். ஸ்டேட்டஸ் வைப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கூடு பொரித்தது. வெல்லப்பாகு நிறத்தில், எறும்பைவிடச் சற்றுப் பெரிதாக, கண் மட்டும் கறுப்பாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கொத்தாகத் தொங்கின. மெல்லிய நூல் விட்டு இறங்கி, வந்தவுடனே முன்னங்கையை மடக்கிக் கும்பிட்டன. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. படமெடுத்து பிரபுவுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, முதலில் இலைக்குப் போயிருந்தவை கால்களை உதறிக்கொண்டிருந்தன. கழுவியது போதவில்லை. ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. தாம்பாளத்தை எடுத்துவந்து மிச்சத்தை ஒரு தாளால் தள்ளினாள். அவையும் இலையில் நடந்தவைதாம். தாம்பாளத்தில் சற்று நேரம் ஊர்ந்து, அவையும் நின்றுபோயின.

பிரபுவுக்கு அன்று விடுமுறை. வீடியோவில் வந்துவிட்டான். அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான் போலிருக்கிறது, பின்னால் இரண்டு மூன்று முகங்கள் எட்டிப் பார்த்தன.

“கலை, எவ்ளோ குட்டிங்க. பொறந்ததுமே கும்பிடுது பாரேன்.”

“ஆமாங்க.”

“நல்லவேள, நேரத்துக்கு மருந்தடிச்சோம். பயிரும் தப்பிச்சுது, உன் பூச்சியும் பொரிச்சுது.”

அவன் குரலில் அத்தனை பெருமை.

“கேமராவத் திருப்பு, நேர்ல பாக்கணும்” என்றான்.

தாம்பாளத்தில் ஒன்றும் அசையவில்லை. அவள் போனைத் தன் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டாள்.

“வெயில் அடிக்குதுங்க, ஒண்ணும் தெரியாது. அப்புறம் காட்டுறேன்.”

“அப்புறம்னா அதுங்கல்லாம் ஓடிப் போயிருமே.”

“இல்லங்க” என்றாள் கலைமகள். “எங்கயும் போகாது.”