வெயில் அடித்த புதன்கிழமை

செல்வமலருக்கு நாற்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்கு வந்து, பதினொரு வருடமாக ஒரு கல்லூரியில் கட்டட நிர்மாண டிப்ளோமா படிப்பிக்கிறாள். படிப்பிப்பது பாதி வேலைதான். மீதி, மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கச் சொல்லி கட்டட வேலை எடுத்துச் செய்யும் கொந்தராத்துக்காரர்களுக்குப் பின்னால் அலைவது. அலைந்து அலைந்து செருப்பும் தேய்ந்தது, மனுசியும் தேய்ந்துபோனாள்.

வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கொந்தராத்துக்காரர்கள் கூடி, படிப்பு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அறிக்கையில் ஐந்து பேராவது கையெழுத்திட வேண்டும். இந்த வருடம் இரண்டு கூட்டம் மழையோடு போயிற்று. புதன்கிழமை மாலைக்குள் அறிக்கை கொழும்புத் தலைமையகத்துக்குப் போகாவிட்டால் வகுப்பையே மூடிவிடுவார்கள். அதனால் வானிலை அறிக்கையில் வெயில் அடிக்கும் என்று சொன்ன அந்தப் புதன்கிழமையையே பிடித்தாள். இத்தனை வருடம் மலையில் இருந்தும் புத்தி வரவில்லை பாருங்கள்! மூன்று வாரமாகக் கொட்டிய மழை விட்ட முதல் நாளில் எந்தக் கொந்தராத்துக்காரன் கதிரையில் வந்து குந்துவான்?

வெயில் சொன்ன சொல் தவறவில்லை. பத்து மணிக்கு மண்டபத்தில் பன்னிரண்டு கதிரை, நாற்பது வடை, செல்வமலர். கொந்தராத்துக்காரர் நல்லமுத்துவுக்குப் போன் போட்டால் கலவை மெஷின் இரைச்சல்.

"மிஸ், இன்னைக்கு டிக்கோயாவுல கொங்கிரீட் போடுறோம்ங்க. எல்லாரும் இங்கதான் இருக்கோம்!"

ஒருவர் கொங்கிரீட் போட்டால் மற்றவர்களும் ஆட்களோடு வந்து கைகொடுப்பது அங்கே வழக்கம். செல்வமலர் அறிக்கையையும் வடையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தோட்டத் தொழிலாளரின் லயத்துக்கு மேலே, சரிவில் புது வீடுகள். நாலு பேர் வடையைத் தின்றபடி, வாசிக்காமலே கையெழுத்திட்டார்கள். ஐந்தாவது ஆள் நல்லமுத்து. கையைக் கழுவிவிட்டு வந்து வரி வரியாக வாசித்தார். 'முதலாளிமாரின் ஆலோசனைகள் பாடத்தில் சேர்க்கப்பட்டன' என்ற இடத்தில் விரல் நின்றது.

"நாலு வருசமா ஒண்ணயேதான் சொல்றேன் மிஸ். சரிவுல வீடு கட்ட, மண்ணு சரியாம சுவரு வைக்கச் சொல்லிக் குடுங்கன்னு. வர்ற புள்ளைங்க சமதரைக்குத்தான் படிச்சிட்டு வருதுங்க. நான் சொன்னது பாடத்துல வந்துச்சா?"

அந்த வரியை வருடாவருடம் எழுதியது அவள்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னொரு பொய் சொல்லவும் உடம்பில் தெம்பில்லை.

"இல்லை அண்ணை. ஒண்டும் வரேல்லை. நீங்கள் சொன்னதை நான் தனியா எழுதி அனுப்புறனான், அங்க ஒருத்தரும் வாசிக்கிறேல்லை."

"அப்ப அதையே எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்."

எழுதினால் கல்லூரித் தலைவர் கடித்துக் குதறுவார். எழுதாவிட்டால் வகுப்பே இல்லை. செங்கல் அடுக்கில் உட்கார்ந்து அந்த வரியை வெட்டினாள். 'நாலு வருடமாகச் சொல்லியும் சரிவில் கட்டும் பாடம் சேர்க்கப்படவில்லை' என்று மேலே எழுதினாள். நல்லமுத்து அதையும் ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவள் போனில் படம் பிடித்து, கொழும்புக்கும் தலைவருக்கும் அங்கிருந்தே அனுப்பினாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் தலைவர் அழைத்துவிட்டார்.

"ஆரைக் கேட்டு இந்த வரியை எழுதினனீங்கள்? கொழும்புக்கும் போயிட்டுதா?"

"போயிட்டுது சேர். அஞ்சு கையெழுத்தும் இருக்கு."

"வாசிச்சுப் பார்த்தனீங்களோ என்ன எழுதியிருக்கெண்டு?"

"நீங்கள் வாசிச்சிட்டீங்கள்தானே சேர்," என்றாள் செல்வமலர். "நாலு வருசத்தில இதுதான் முதல் தரம்."

சொல்லி முடித்த பிறகுதான், காலையிலிருந்து ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.