ஒரு நாள் தாமதமா வந்த வீட்டுப்பாடம்

ஒரு மனுஷனுக்கும் அவரு பெத்த பொண்ணுக்கும் நடுவுல ஓடிக்கிட்டிருந்த பேச்சை நான் ஒத்த விரலால அறுத்துட்டேன். வேணும்னு பண்ணல. ஆனா பண்ணினது நான்தான். இதுவரைக்கும் யாருகிட்டயும் இதைச் சொல்லல. சொல்லிக்க வூட்டுல ஆளும் கிடையாது, அதனால எழுதுறேன்.

விருத்தாசலத்துல ஒரு ஸ்கூல்ல ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். குடியிருக்கிறது செராமிக் கம்பெனிங்க இருக்கிற பக்கம். காலையில ஜன்னல் கம்பியைத் தொடச்சா சாயங்காலம் வெள்ளைத் தூசி திரும்பவும் வந்து ஒக்காந்திருக்கும். வூட்டுக்காரரு தவறிப்போயி ஆறு வருஷம் ஆச்சு. பையன் ஹைதராபாத்துல வேலையா இருக்கான். ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணுவான். "நல்லா இருக்கியாம்மா?" "நல்லா இருக்கேன்பா." "சாப்டியா?" "சாப்டேன். நீ?" "ம்." அப்புறம் அவனே, "சரிம்மா, வெச்சிடவா?" அவ்ளோதான். அவன் மேல ஒரு குத்தமும் இல்ல. எங்களுக்குள்ள பேச விஷயம் இல்லாம போச்சு.

எங்க ஸ்கூலுக்கும் கம்ப்யூட்டர் ரூமு வந்துது. ஏழாம் வகுப்புச் சுவத்துல கல்யாண மண்டபத்து டிவி மாதிரி பெருசா ஒண்ணு மாட்டினாங்க. பாடப் புத்தகத்துல இருக்கிற க்யூஆர் கட்டத்தைப் போன்ல காட்டினா பாட்டு பாடுது, படம் ஓடுது. பிள்ளைங்க வாயைப் பொளந்துக்கிட்டு பாக்கும். பாத்து முடிச்சதும் "எழுந்து ஒரு பத்தி படி"ன்னா பாதிப் பேருக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். நாப்பது பேரு, நாப்பது நிமிஷ வகுப்பு. ஆளுக்கு ஒரு நிமிஷம் படிக்கவிட்டா நான் எப்ப பாடம் எடுக்கிறது?

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணிச்சு. பிள்ளைங்களுக்குப் படம் காட்ட ஆயிரம் பேர் இருக்காங்க, அதுங்க படிக்கிறதைக் காது குடுத்துக் கேக்கத்தான் ஆள் இல்ல. அதுக்கு ஒரு போன் போதும். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அன்னிக்குப் பாடத்துல ஒரு பத்தியை நான் வாசிச்சு, ஏழாம் வகுப்புப் பெத்தவங்க இருக்கிற வாட்ஸப் குரூப்புல போடுவேன். பிள்ளைங்க அதைக் கேட்டுட்டு, அதே பத்தியைத் தங்க குரல்ல படிச்சு எட்டு மணிக்குள்ள திருப்பி அனுப்பணும். அதுதான் வீட்டுப்பாடம்.

பிள்ளைங்களுக்காகன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். உண்மையைச் சொன்னா பாதி எனக்காக. கல்லுல தோசை வேகறப்ப, பக்கத்துல போனை வெச்சு ஒவ்வொண்ணா கேப்பேன். பின்னாடி குக்கர் விசில் அடிக்கும், சீரியல்ல யாராச்சும் அழுவாங்க, "மெதுவாப் படிடி, என்னா அவசரம்"னு ஒரு அம்மா அதட்டும். என் வூட்டுல இல்லாத சத்தமெல்லாம் அதுல இருந்துது.

யார் நம்பரையும் பேர் போட்டு வெச்சுக்கல. நாப்பது குரலும் எனக்குத் தெரியும், நம்பரை எதுக்குப் பாக்கணும்னு ஒரு திமிரு. அந்தத் திமிருக்குத்தான் பின்னாடி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸுல வர்ற பொண்ணு ஒண்ணு. கிளாஸ்ல வாயே தொறக்காது. ஆனா வீட்டுப்பாடத்துல படிக்குமே, கேட்டுக்கிட்டே இருக்கலாம். நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தும், கேள்வி வந்தா குரல் லேசா ஏறும். மாசத்துக்கு மாசம் நல்லாயிட்டே வந்துது. ஸ்கூல் விழாவுல படிக்கிறதுக்கு இந்தப் பொண்ணுதான்னு மனசுல முடிவே பண்ணிட்டேன். ஒரே ஒரு கோளாறு. எல்லாரும் ராத்திரிக்குள்ள அனுப்பினா, இதோடது மட்டும் மறுநாள் மத்தியானம் வரும். அதுக்கு மேல, வேற எடத்துலருந்து வாங்கி அனுப்பினதுன்னு காட்டுற சின்ன அம்புக்குறி வேற இருக்கும்.

"ஊரே நேத்து அனுப்பிச்சு. உன்னோட வீட்டுப்பாடம் மட்டும் என்ன, மங்கலம்பேட்டையிலிருந்து நடந்தா வருது?"ன்னு கேட்டேன். கிளாஸ் சிரிச்சுது. "சாரி மிஸ்"னு சொல்லிட்டு ஒக்காந்துடுச்சு. ஏம்மா லேட்டாகுதுன்னு ஒரு வார்த்தை நான் கேக்கல.

அப்புறம் வேற ஏதோ ஸ்கூல் குரூப்புல தெரியாத ஆள் ஒருத்தன் பூந்து கண்ட கண்ட லிங்க்கை அனுப்பிட்டான்னு பேச்சு வந்துது. எங்க ஹெச்.எம். எல்லாரையும் கூப்பிட்டு, தெரியாத நம்பர் இருந்தா எடுத்துடுங்கன்னாரு. நான் அன்னிக்கே பட்டியலைத் தொறந்து பாத்தேன். எல்லாம் நம்ம ஊரு நம்பர், ஒண்ணு மட்டும் வெளிநாட்டு நம்பர். அன்னிக்குக் காலையிலதான் அந்த நம்பர் குரூப்புல ஒரு ரோஜாப்பூ போட்டிருந்துது. பனித்துளியோட செவப்பு ரோஜா, கீழ காலை வணக்கம். பிள்ளைங்க படிக்கிற எடத்துல எவன்டா இவன் பூக் குடுக்கிறவன்னு எனக்கு வந்துதே கோவம். இன்னும் கொஞ்சம் மேல தள்ளிப் பாத்திருந்தா அந்த நம்பர் தினம் என்ன அனுப்பிச்சுன்னு தெரிஞ்சிருக்கும். பாக்கல. நீக்குன்னு அழுத்தினேன், போயிடுச்சு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு கிளாஸ்ல விளக்கம் சொல்றவளே நான்தான்.

அடுத்த நாள்லருந்து அந்தப் பொண்ணோட வீட்டுப்பாடம் வரல. ஒரு வாரம் பாத்தேன். "என்னம்மா ஆச்சு?"ன்னா தலையைக் குனிஞ்சுக்கும். "வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னேன். ரெண்டாவது வாரம் விழாவுல படிக்கிற வாய்ப்பை எடுத்து வேற பொண்ணுக்குக் குடுத்துட்டேன். "சரி மிஸ்"னு சொல்லிச்சு. அழுதிருந்தாக்கூட எனக்கு ஏதாவது புரிஞ்சிருக்கும்.

மூணாவது வாரம் பெத்தவங்க கூட்டம். எல்லாரும் கிளம்பினப்புறம் புர்கா போட்ட ஒரு அம்மா தயங்கித் தயங்கி வந்து நின்னாங்க. அந்தப் பொண்ணோட அம்மா.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வூட்டுக்காரங்க உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க."

"எதுக்கும்மா?"

"அந்த ரோஜாப்பூவுக்கு."

எனக்கு ஒண்ணும் புரியல. அவங்களே சொன்னாங்க. "எங்க வூடுகள்ல பொம்பளைங்க நம்பரை ஸ்கூலுக்குக் குடுக்க மாட்டோம் டீச்சர். பிள்ளையோட அத்தா, அதான் அப்பா, அவங்க நம்பரைத்தான் குடுப்போம். அவங்க குவைத்துல இருக்காங்க. யாரோ அனுப்பின பூவை எல்லாருக்கும் அனுப்பினாங்களாம், கை தவறி உங்க குரூப்புலயும் போயிடுச்சு. டீச்சரம்மா கோவிச்சுக்கிட்டு எடுத்துட்டாங்களே, என்ன நெனச்சிருப்பாங்களோன்னு மூணு வாரமா அதே பேச்சு."

"எனக்குத் தனியா ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமேம்மா."

"ஏற்கெனவே பூ அனுப்பிட்டு, ஒரு பொம்பள டீச்சருக்குத் தனியா வேற எப்படி டீச்சர் போடுவாங்க?"

வீட்டுப்பாடம் ஏன் லேட்டாச்சுன்னும் அப்பத்தான் தெரிஞ்சுது. நான் வாசிச்சது முதல்ல குவைத்துக்குப் போகும். அவரு வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து கேட்டுட்டு, வூட்டுப் போனுக்கு அனுப்புவாரு. அதுக்குள்ள இங்க பொண்ணு தூங்கிடும். காலையில, அங்க விடியறதுக்கு முன்னாடி தொழுற சுபுஹு தொழுகை முடிஞ்சு கம்பெனி பஸ்ஸு வர்றதுக்குள்ள, பொண்ணு அவருகிட்ட போன்ல படிச்சுக் காட்டும். அவரு திருத்துவாரு. பொண்ணு திரும்பப் படிச்சு அனுப்பினதை, கொஞ்சம் ஓய்வு கெடைக்கிறப்ப குரூப்புல போடுவாரு.

"அவங்க போகும்போது இவளுக்கு எட்டு வயசு. போன்ல பேசவே மாட்டா, கூச்சப்படுவா. உங்க வீட்டுப்பாடம் வந்தப்புறம்தான் அத்தாவும் பொண்ணும் பேசவே ஆரம்பிச்சாங்க. நிறுத்தற எடத்துல நிறுத்தலைன்னு சண்டைகூடப் போட்டுக்குவாங்க டீச்சர்."

"இப்ப?"

"இப்ப பழையபடிதான். என் நம்பரை எழுதிக்கச் சொன்னாங்க. இனிமே உங்களுக்குச் சிரமம் வேணாம்னு."

அவங்க நம்பரை எழுதிக்கிட்டேன். அவரையும் இன்னிக்கே திரும்ப சேத்துடுறேம்மான்னு சொல்லிட்டு வூட்டுக்கு வந்தேன். குரூப்புல போட்டதை யார் யார் கேட்டாங்கன்னு பாக்கிற வழியை எங்க கம்ப்யூட்டர் டீச்சர் எப்பவோ சொல்லிக் குடுத்திருந்தாங்க. அன்னிக்குத்தான் முதல் தடவை தொறந்து பாத்தேன். பழைய பாடம் ஒவ்வொண்ணா பாத்தேன். சிலதை ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தாங்க. நிறைய பாடத்துக்கு ஒத்தை ஆள்தான். அந்தக் குவைத்து நம்பர். மத்த பிள்ளைங்கல்லாம் நான் வாசிச்சதைத் தொடாமலே புத்தகத்தைப் பாத்துப் படிச்சு அனுப்பியிருக்குதுங்க. செவிடன் காதுல ஊதின சங்கு. கேட்டது ஒரே ஒரு காது, அதையும் நானே வெளியில தள்ளி கதவைச் சாத்தியிருக்கேன். அடுப்பை அணைச்சுட்டு தரையில ஒக்காந்து அழுதேன்.

அவரு நம்பரைச் சேத்தேன். "ஏழாம் வகுப்புப் பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம். ஒரு தகப்பனாரைத் தெரியாம நீக்கிட்டேன். தப்பு என்னுது. பூவுல ஒரு தப்பும் இல்ல, மன்னிச்சுக்குங்க"ன்னு பேசிப் போட்டேன். பாடத்தைக் கேக்காத அத்தனை பேரும் மறுநாள் காலையில எனக்கு ரோஜாப்பூ அனுப்பிச்சாங்க. செவப்பு, மஞ்சள், தட்டுல வெச்சது, காப்பியோட வெச்சது. அவரு நான் பேசினதைக் கேட்டாருன்னு காட்டிச்சு. மத்தியானம் பாத்தா, அவரே குரூப்பை விட்டு வெளியேறியிருந்தாரு.

மறுநாள் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "டீச்சர் அவ்ளோ தூரம் சொன்னதே போதும், அம்மா நம்பருதான் இருக்குதே, நான் எதுக்குன்னு அத்தா சொன்னாங்க மிஸ்."

"காலையில படிச்சுக் காட்டுவியே, அது?"

"அம்மா போன்லருந்தே அனுப்பிடுறேனே மிஸ். அப்புறம் எதுக்கு அத்தாவுக்கு?"

அத்தாவுக்குப் படிச்சுக் காட்டும்மான்னு சொல்லிப் பாத்தேன். தலையை ஆட்டிச்சு. விழாவுல படிக்க அதுக்கே திரும்பக் குடுத்தேன், இந்த வருஷம் வேணாம் மிஸ்னுடுச்சு.

இப்பல்லாம் அந்தப் பொண்ணோட வீட்டுப்பாடம் ஏழு மணிக்கெல்லாம் வந்துடுது, எல்லாருக்கும் முன்னாடி. அம்புக்குறி இல்ல. நிறுத்தற எடத்துல நிறுத்தாம மடமடன்னு ஓடுது. நான் இன்னமும் ஆறு மணிக்கு வாசிச்சுப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். யார் கேட்டாங்கன்னு தொறந்து பாக்கிறதில்ல.

போன வாரம் வராண்டாவுல நிறுத்திக் கேட்டேன். "அத்தா போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்க மிஸ். நல்லா இருக்கியான்னாங்க. நல்லா இருக்கேன்னேன்."

"அப்புறம்?"

"சாப்டியான்னாங்க."

"அப்புறம்?"

அது என்னை நிமிந்து பாத்துச்சு. "அவ்ளோதான் மிஸ்."

அந்தப் பேச்சு எனக்கு அத்துப்படி.